ஓர் எண்ணுக்கு முப்பத்திரண்டு பேர்

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வேலையில் இருந்த காலத்தில் என்னிடம் யாரும் லேசில் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால் பதிலுக்கு இரண்டு வாங்கிக்கொண்டுதான் போவார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கோபத்துக்குத் துணையாகக் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வத்துக்குக் காரணம், நானே எழுதிய, நாற்பது வரிக் கட்டளைகள் கொண்ட ஷெல் ஸ்கிரிப்ட். அதைவிட நல்ல ஸ்கிரிப்ட் நாகர்கோவிலில் எவரிடமும் கிடையாது என்று மனதார நம்பினேன்.

கட்டளைகளை நான் இங்கே சொல்லித்தரப் போவதில்லை. சார்ட், ஜாயின், ஆக் எல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். மறந்துபோனால் மிஷினிடமே கேட்டுக்கொள்ளலாம், அது என்னைப் போல எரிந்து விழாது. நான் சொல்ல வந்தது ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றி. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை ஏழு மணிக்கு முடிந்த கதை.

எங்கள் ஆஸ்பத்திரி சர்க்கரை நோயாளிகளுக்கு மாதம் ஒரு முறை ஊர் ஊராகப் போய் முகாம் நடத்தும். தோவாளையில் ஒன்று, இராஜாக்கமங்கலத்தில் ஒன்று, திருவட்டாற்றில் ஒன்று. ஒவ்வொரு முகாமிலிருந்தும் பதிவுப் பட்டியல் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக என்னிடம் வரும். அதில் நோயாளியின் அட்டை எண், பெயர், ஊர், போன் நம்பர் இருக்கும். மருந்தகத்திலிருந்து இன்னொரு ஃபைல் வரும். எந்த அட்டை எண்ணுக்கு என்ன மாத்திரை, அதன் தயாரிப்புத் தொகுதி எண் என்ன என்று அதில் இருக்கும். முகாம் ஃபைல்களை ஒன்றாக்கி, மருந்தக ஃபைலோடு அட்டை எண்ணை வைத்துப் பொருத்தி, யாருக்கு என்ன கொடுத்தோம், யாரை எந்த நம்பரில் கூப்பிடலாம் என்று ஒரே பட்டியலாகத் தருவதுதான் என் ஸ்கிரிப்டின் வேலை. ஆறு வருடமாக ஒரு நாள்கூட அது முரண்டு பிடித்ததில்லை.

அன்று காலை டாக்டரம்மா என் அறைக்கு வந்தார். எங்கள் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளர். வேலை இருந்தால் ஆள் விட்டுக் கூப்பிடுவாரே தவிர, தானே நடந்து வருபவர் அல்ல. அவர் கையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது.

"இந்தத் தொகுதி யாருக்கெல்லாம் போயிருக்குன்னு எனக்கு இப்பவே வேணும்" என்றார்.

திருவட்டாற்றுக்காரர் ஒருவரை விடிந்ததும் நினைவில்லாமல் தூக்கி வந்திருக்கிறார்கள். சர்க்கரை அடிமட்டத்துக்குத் தாழ்ந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றிக் கண் விழிக்க வைத்துவிட்டார்கள். முகாமில் புதிதாகக் கொடுத்த மாத்திரையை, பழையது தீரும் முன்பே முந்தின நாள் இரவு போட்டிருக்கிறார். டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்து மருந்து அனுப்பியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால், அந்த ஒரு தொகுதியில் மட்டும் மாத்திரை தப்பான அட்டைக்குள் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டார்களாம். வெளியே எழுதியிருந்த அளவைவிட உள்ளே இருந்த மாத்திரைக்கு இரண்டு மடங்கு வீரியம்.

"மத்தவங்க எல்லாருக்கும் பழைய மாத்திரை நேத்தோட தீந்திருக்கும். இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால புதுசைப் பிரிப்பாங்க. பாதிப் பேரு தனியா இருக்கிற வயசானவங்க. தூக்கத்துல சர்க்கரை தாழ்ந்தா கூப்பிட்டுச் சொல்லக்கூட ஆளு கிடையாது" என்றார். நம் பக்கத்துக் கிராமங்களில் ஏழு, ஏழரைக்கெல்லாம் சாப்பிட்டு விடுவார்கள். ஏழு மணிதான் எங்களுக்குக் கெடு.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, நூற்று எண்பத்தாறு பேர் கொண்ட பட்டியலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே நான் வேலைக்கு வந்தேன் என்று தோன்றியது. எட்டுப் பெண்கள் போனோடு உட்கார்ந்தார்கள். மாத்திரையைத் தொடாதீர்கள், கவரை அப்படியே வைத்திருங்கள், மாற்று மருந்து வரும் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார்கள். மதியம் இரண்டு மணிக்குள் நூற்று எண்பத்தாறும் முடிந்தது. யாரோ எல்லோருக்கும் டீயும் ரசவடையும் வாங்கி வந்தார்கள். நான் இரண்டு ரசவடை சாப்பிட்டேன். என்னை மெச்சிப் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் காதில் தேனாகப் பாய்ந்தது.

அப்போதுதான் மருந்தாளுநர் வந்து கதவருகே நின்றார். என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி பேசாமல் இருக்கும் மனிதர்.

"அக்கா, ஒரு சந்தேகம். கோவப்படப்பிடாது."

"கோவப்படாத மாதிரி கேட்டா எதுக்குக் கோவப்படுதேன்?"

"அந்தத் தொகுதியில நான் குடுத்தது இருநூத்தி அறுவத்தி மூணு கவரு. உங்க லிஸ்டுல நூத்தி எம்பத்தாறு பேருதான் நிக்காவ."

"சில பேரு ரெண்டு கவரு வாங்கியிருப்பாவ."

"ஆளுக்கு ஒண்ணுதான் அக்கா குடுத்தேன்."

"அப்பம் நீங்க எண்ணுனதுல தப்பு இருக்கும். போயி ஒருக்கா எண்ணிப் பாருங்க."

"ரெண்டு தடவ எண்ணிட்டுத்தான் வந்தேன்."

"மூணாவது தடவ எண்ணுங்க!"

அவர் எண்ணப் போனார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று உட்கார்ந்திருந்தேன். இந்த இடத்தில் என் வண்டவாளத்தை நானே தண்டவாளத்தில் ஏற்றுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எண்ணிவிட்டு வர இருபது நிமிடம் ஆனது. ஏழு மணிக் கெடு உள்ள நாளில், என் கர்வத்துக்காக இருபது நிமிடத்தைத் தின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்தவர், "மூணாவது தடவையும் அதேதான் அக்கா" என்றார். குரலில் ஒரு குத்தலும் இல்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்த அமைதிதான் என்னை ஸ்கிரிப்டைத் திறக்க வைத்தது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்களே, அதேபோல முதலில் முகாம் ஃபைல்களின் மேல்தான் பழி போட்டேன். வரிசை கலைந்திருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. வரி ஏதாவது உடைந்திருக்குமோ என்று பார்த்தேன். அதுவும் இல்லை. பிறகுதான், ஆறு வருடமாக ஒரு நாள்கூடச் செய்யாத ஒன்றைச் செய்தேன். பொருந்திய வரிகளை விட்டுவிட்டு, பொருந்தாமல் போனவற்றை மட்டும் காட்டச் சொன்னேன். மருந்தக ஃபைலில் இருந்து என் பட்டியலில் இல்லாத எழுபத்தேழு பேர் திரையில் வந்து நின்றார்கள்.

எழுபத்தேழு மனிதர்கள். மாத்திரை கையில் இருக்கிறது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. குற்றவாளி ஸ்கிரிப்டின் ஒன்பதாவது வரி. ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரே ஆளுக்கு முகாம் நினைவூட்டல் செய்தி இரண்டு தடவை போகிறது என்று ஒரு நர்ஸ் புகார் சொன்னார். சிலர் இரண்டு முகாம்களில் பதிந்திருந்தார்கள். நான் யோசித்தேன்: போன் நம்பர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றுதானே. ஒரே நம்பர் மறுபடி வந்தால் அந்த வரியைத் தள்ளிவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். எழுதி முடித்து, எவ்வளவு கச்சிதம் என்று என்னையே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

தள்ளப்பட்ட எழுபத்தேழு பேரின் நம்பர்களைப் பார்த்தேன். இருபது பேர் புருஷன் பெண்டாட்டி, மாமியார் மருமகள். வீட்டுக்கு ஒரு போன். மீதி ஐம்பத்தேழு பேருக்கும் சேர்த்து இருந்தவை இரண்டே நம்பர்கள். ஒரு நம்பரில் தோவாளைக்காரர்கள் இருபத்தேழு பேர் பதிந்திருந்தார்கள், இன்னொன்றில் இராஜாக்கமங்கலம் பக்கத்தார் முப்பத்திரண்டு பேர். என் ஒன்பதாவது வரி ஒவ்வொரு நம்பருக்கும் முதலில் வந்த ஒரே ஆளை வைத்துக்கொண்டு, மற்றவர்களைத் துடைத்துப் போட்டிருக்கிறது.

டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். "தப்பு என் மேல. எழுபத்தேழு பேரு விட்டுப்போச்சு" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. மணியைப் பார்த்தார். மூன்றே கால்.

"முதல்ல ஆளுங்களைப் பிடிப்போம்" என்றார்.

இருபது பேரைப் போன்காரப் பெண்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். தோவாளை நம்பரை நான் கூப்பிட்டேன். எடுத்தவர் ஒரு பூ வியாபாரி. அவரிடம் பூ வாங்கிப் போய் வீட்டில் கட்டிக் கொடுக்கும் பெண்கள்தான் அந்த இருபத்தேழு பேரும். "வீட்டுக்காரன் செல்போன வேலைக்குக் கொண்டு போயிருவான். கடை நம்பருன்னா எப்பளும் எடுப்போம்லா, அதான் குடுத்திருக்காளுவ" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "நாலு மணிக்கு எல்லாவளும் பூ எடுக்க வருவாளுவ. மாத்திரைக் கவரக் காட்டாத ஒருத்திக்கும் இன்னைக்குப் பூ கெடையாது, போதுமா?" என்று கேட்டார். போதும் என்றேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அடுத்து இராஜாக்கமங்கலம் நம்பர். எடுத்தது ஒரு பெண். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"ஆஸ்பத்திரியா? இன்னைக்குக் காலத்தயே ஒரு பிள்ள கூப்பிட்டாளே. ரோசம்மைக்குச் சொல்லணும்னா, நானும் ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

"ரோசம்மை மட்டும் இல்ல அக்கா. இன்னும் முப்பத்தொரு பேருக்குச் சொல்லணும்."

மிஷின் சத்தம் நின்றது. "அத காலத்தயே சொல்லப்பிடாதா? எனக்க நம்பருல முப்பத்திரெண்டு பேரு உண்டுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எங்களுக்குத் தெரியல்ல அக்கா."

"என்ன மக்கா இப்பிடிச் சொல்லுதிய! பிள்ளையளு கல்ஃபுல இருந்து வாறப்பம் ஒரு சிம்மு, போறப்பம் ஒரு சிம்மு. கடலுக்குப் போறவன் போனையும் கொண்டுட்டுப் போயிருவான். நம்பரு மாறாம கடையிலயே இருக்கப்பட்டவ நான் ஒருத்திதான். அதான் எல்லாரும் எனக்க நம்பரத் தாறாவ. செரி, பேர வாசி. வேகம் வாசி."

நான் வாசித்தேன். துணி வெட்டும் பிரவுன் பேப்பரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக்கொள்கிறேன் என்றார். பாதிப் பேரின் பெயரை முடிக்கும் முன்பே, "தெரியும், அடுத்தது" என்றார்.

இந்த இடத்தில் நான் உருப்படியாக ஒன்று செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தற்பெருமை எனக்குப் புதிதல்ல. "சொல்லியாச்சு" என்ற வார்த்தையை நான் ஏற்கவில்லை. காலையில் அதை நம்பித்தானே ரசவடை சாப்பிட்டேன். கவரைக் கையில் வாங்கி, அதன் மேல் எழுதியிருக்கும் அட்டை எண்ணை எனக்கு வாசித்தால்தான் அந்த ஆள் முடிந்தார் என்று பூக்கடைக்காரரிடமும் தையல்கடை அக்காவிடமும் சொன்னேன். வாசித்த எண்களை ஒரு புது ஃபைலில் எழுதிக்கொண்டே வந்தேன். இருநூற்று அறுபத்து மூன்று பேரின் ஃபைல் ஒரு பக்கம், முடிந்தவர்களின் ஃபைல் இன்னொரு பக்கம். முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதவர்களை மட்டும் காட்டு என்று ஒரே ஒரு கட்டளை. காலையில் போனில் முடித்தவர்களையும் விடவில்லை. அந்தப் பெண்கள் மறுபடி கூப்பிட்டு எண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

நாலரை மணிக்குத் தோவாளையிலிருந்து எண்கள் வரத் தொடங்கின. ஐந்து மணிக்குள் இருபத்தேழும் வந்துவிட்டன. காலையில் பேசி முடித்த நோயாளிகளும் ஒவ்வொருவராகத் திரையிலிருந்து மறைந்தார்கள். மருந்தாளுநர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் மிஞ்சியிருக்கும் வரிகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் எண்ணுவது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

கடற்கரைதான் சிரமம். மீன் விற்கப் போன பெண்கள் பஸ்ஸில் திரும்பி வர ஐந்தரை ஆகும். தையல்கடை அக்கா கடையைச் சாத்திவிட்டு பஸ் நிறுத்தத்துக்கே போய்விட்டார். இறங்கும் ஒவ்வொருத்தியையும் பிடித்து, கூடவே வீட்டுக்குப் போய்க் கவரை வாங்கி, அங்கேயே நின்று எனக்கு எண்ணை வாசித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, வேற யாரையாவது அனுப்புங்க" என்றேன். "வேற யாருக்கு மக்கா இந்த முப்பத்திரெண்டு வீடும் தெரியும்?" என்று கேட்டார்.

ஆறரைக்குத் திரையில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. எழுபத்தொரு வயது அம்மை, தனியாக இருப்பவர். வீடு பூட்டியிருக்கிறது என்றார் தையல்கடை அக்கா. டாக்டரம்மா என் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் கழித்துப் போன் வந்தது. பின்னணியில் பெண்கள் சேர்ந்து பாடும் சத்தம் கேட்டது.

"ஜெபக்கூட்டத்துல இருக்காவ. பொறு" என்றார் எங்களிடம். அடுத்து அங்கே யாரிடமோ, "பாட்ட ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க. கர்த்தர் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. அம்மே, உனக்க பையத் தொற" என்று அதட்டினார். பாட்டு நின்றது. ஒரு கிழக் குரல் ஏதோ முனகியது. அந்த அம்மை மாத்திரைக் கவரைப் பையிலேயே வைத்திருந்தார். கூட்டம் முடிந்ததும் அங்கேயே சாப்பாடு.

அக்கா எண்ணை வாசித்தார். நான் அடித்தேன். கட்டளையைக் கொடுத்தேன்.

திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு வரிகூட இல்லை. என் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் வரிகளை அந்தத் திரையில் பார்த்திருக்கிறேன். அன்றைய வெற்றுத் திரைக்கு அவை எதுவும் ஈடாகாது. மணி ஆறு ஐம்பது. டாக்டரம்மா கைதட்டினார், போன்காரப் பெண்கள் கூச்சலிட்டார்கள். நான் எழுந்து மருந்தாளுநரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். "நீங்க மூணாவது தடவ எண்ணாம இருந்தா?" என்றேன். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அன்று இரவு எங்கள் முகாம் நோயாளிகளில் ஒருவரும் மயங்கி விழவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இன்னும் கர்வத்தோடுதான் ஓய்வு பெற்றிருப்பேன். மறுநாள் காலை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாசா மாசம் முகாமுக்கு வாங்கன்னு அனுப்புற செய்தியும் இந்தப் பட்டியலை வச்சுத்தானே போகுது?"

ஆமாம் என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கடற்கரைப் பக்கத்து நோயாளிகள் ஒழுங்காக முகாமுக்கு வருவதில்லை, அவர்களுக்கு அக்கறை போதாது என்று ஒவ்வொரு வருட அறிக்கையிலும் நாங்கள் எழுதியிருக்கிறோம். நானே தட்டச்சு செய்திருக்கிறேன். முகாம் நாளோ மாதத்துக்கு மாதம் மாறும். செய்தி வந்தால்தான் தெரியும். ஆறு வருடமாக அந்தச் செய்தி முப்பத்திரண்டு பேரில் ரோசம்மை ஒருத்தியின் பெயருக்கு மட்டும்தான் போயிருக்கிறது. அக்காவும் ரோசம்மைக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் யார் வாய்ச்சொல்லாவது கேட்டு வந்தால் உண்டு. போன மாதம் மட்டும் அப்படிக் கேட்டு எல்லோரும் வந்திருந்தார்கள்.

அன்றே ஒன்பதாவது வரியை அழித்தேன். அந்த இடத்தில், ஒரு நம்பரில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரின் பெயரும் ஒரே செய்தியில் போகும்படி எழுதினேன். பொருந்தாத வரிகள் ஒன்றாவது இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று, அந்தப் பெயர்களை என் முகத்துக்கு நேராகக் காட்ட வேண்டும் என்றும் எழுதினேன். உங்களிடம் இப்போது இருப்பது அந்த ஸ்கிரிப்ட்தான். அது பாதியில் நிற்கிறதே என்று எரிச்சல்பட்டு அந்தப் பகுதியை எடுத்துவிடாதீர்கள். எடுத்தது தெரிந்தால், ஓய்வு பெற்றவள் என்றும் பார்க்காமல் வந்து நிற்பேன்.

அடுத்த மாத இராஜாக்கமங்கலம் முகாமுக்கு நானே போனேன். கணினிப் பிரிவில் இருப்பவர்கள் முகாமுக்குப் போகும் வழக்கம் கிடையாது, அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஒன்பது மணிக்கு வேன் போய்ச் சேர்ந்தபோது, பள்ளிக்கூட வராந்தா நிறைந்து வரிசை வெளியே வேப்பமரம் வரை நின்றது. டிரைவர், ஊரில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது என்று பயந்து வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். பதினொரு மணிக்குள் மருந்தாளுநர் கொண்டுவந்த மாத்திரை தீர்ந்து, நாகர்கோவிலுக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. அவர் அதைப் புகார் மாதிரிச் சொல்ல முயன்று, முடியாமல் சிரித்துவிட்டார்.

வரிசையின் முன்னால், கழுத்தில் அளவு டேப்பைப் போட்டபடி ஒரு பெண் நின்று எல்லோரையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். குரலை வைத்தே தெரிந்துவிட்டது. பக்கத்தில் போய், நான்தான் அன்று பேசியவள் என்றேன். ஆறு வருடமாக அவர்களை விட்டுப்போனது என் தப்பு என்றும் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து வரிசையின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எண்ணிப் பாரு மக்கா. முப்பத்திரெண்டு பேரும் வந்து நிக்கம். எங்களக் கூப்பிட்டா வரமாட்டமா?"